காணி விற்ற காசை எங்கே போடலாம்? திருகோணமலையில் ஏறி இறங்கிப் பார்த்ததில் என் தீர்ப்பு

சாம்பல்தீவுப் பக்கம் அப்பாவின் பெயரில் கிடந்த காணி ஒருவழியாக விலைப்பட்டு, கையில் ஒரு கோடியே இருபது இலட்சம் வந்து சேர்ந்தது. வந்த நாளிலிருந்து வீட்டில் ஆளுக்கு ஒரு யோசனை. கொழும்பில் இருக்கும் மாமா ஒன்று சொல்ல, கனடாவிலிருந்து சித்தப்பா வேறொன்று சொல்ல, பக்கத்து வீட்டு அண்ணா தனக்குத் தெரிந்த ஆளை வீட்டுக்கே அனுப்பிவிட்டார். ஆனால் இது போட்டு மறந்துவிடக்கூடிய காசு இல்லை. உவர்மலையில் வீடு கட்டத் தொடங்கினால் அத்திவாரத்துக்கு ஒரு தொகை, கூரைக்கு ஒரு தொகை என்று ஒன்றரை வருடத்துக்குள் கரையப் போகிற காசு, இடையில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தால் அன்றைக்கே எடுக்க வேண்டிய காசு. அதனால் போன இடமெல்லாம் வட்டியைக் கேட்க முன்னம், “எனக்கு வேணுமெண்ட நாளில இதை முழுசா எப்பிடித் தருவீங்கள்?” என்றுதான் கேட்டேன். பதில் சொன்ன விதத்திலேயே பாதி முடிவு தெரிந்துவிட்டது.

இந்த ஊரில் இப்படித் திகைத்து நிற்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், ஊழியர் சேமலாப நிதி எடுத்தவர்கள், நிலாவெளியில் ஹோட்டலுக்குக் காணி கொடுத்தவர்கள், படகையும் இஞ்சினையும் விற்றவர்கள். அவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கே போவதற்கு முன்னும் 11 இலட்சம் என்ற கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மத்திய வங்கி நடத்தும் வைப்புக் காப்புறுதித் திட்டத்தில், உரிமம் பெற்ற வங்கியோ நிதி நிறுவனமோ மூடப்பட்டால் ஒரு ஆளுக்கு அந்த ஒரு நிறுவனத்தில் கிடைக்கும் உச்ச இழப்பீடு அவ்வளவுதான். 2021க்கு முன்னர் இது 6 இலட்சம். ஒரே வங்கியில் நாலு கணக்காகப் பிரித்துப் போட்டாலும் ஆள் ஒன்று, வங்கி ஒன்று என்பதால் எல்லாம் சேர்த்து 11 இலட்சம்தான். ஐந்து இலட்சம், எட்டு இலட்சம் வைத்திருப்பவர் இதைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. கோடிக்கணக்கில் ஒரே இடத்தில் போடுகிறவர் இதை யோசிக்காமல் ஒரு கையெழுத்தும் போடக்கூடாது.

பக்கத்து வீட்டு அண்ணா அனுப்பிய ஆள் ஒரு நிதி நிறுவனத்துக்காரர். பெயர் வேண்டாம். மிக மரியாதையான ஆள், அப்பாவை ஐயா ஐயா என்றே பேசினார். “வங்கியில தாறதை விட நாங்கள் ஒண்டரை வீதம் கூடத் தாறம் ஐயா, மாதாமாதம் வீட்டுக்கே கொண்டுவந்து தருவம்” என்றார். 11 இலட்சத்துக்கு மேலே போட்டால் அந்த மிச்சக் காசுக்கு யார் பொறுப்பு என்று கேட்டேன். அவர் தங்களுடைய கிளைகளின் எண்ணிக்கையைச் சொன்னார். அது என் கேள்விக்குப் பதில் இல்லை. 2008இல் கவிழ்ந்த கோல்டன் கீ, அது அனுமதியே இல்லாமல் வைப்பு வாங்கிய கம்பனி என்று தள்ளி வைத்தாலும், 2020 மே மாதம் தி பினான்ஸ் கம்பனியின் உரிமத்தையும் அதே வருடம் ஜூலையில் ஈ.ரி.ஐ. பினான்ஸின் உரிமத்தையும் மத்திய வங்கி இரத்துச் செய்ததே, அவை இரண்டும் முறையாக உரிமம் பெற்றவை. காப்புறுதிக்கு மேலே போட்டிருந்தவர்கள் அதற்குப் பிறகு வருடக்கணக்கில் அலைந்தார்கள். எல்லா நிதி நிறுவனமும் அப்படி என்று நான் சொல்லவில்லை, பெரிய வங்கிகளின் கையில் இருக்கும் நல்ல நிறுவனங்களும் உண்டு. முதலும் வட்டியும் சேர்த்து 11 இலட்சத்துக்குள் அடங்கும் தொகை என்றால் தாராளமாகப் போடலாம். எங்கள் தொகைக்கு அது இடம் இல்லை.

தனியார் வங்கி ஒன்றுக்கும் போனோம், அதன் பெயரும் வேண்டாம். குளிரூட்டிய அறை, தேநீர், நல்ல கவனிப்பு. நிலையான வைப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலால் புள்ளடி போட்டு ஆயத்தமாகத் தந்தார்கள். மூன்றாவது தாளைப் புரட்டினால் மேலே வேறொரு நிறுவனத்தின் இலச்சினை, உள்ளே அப்பாவின் பெயரும் பிறந்த திகதியும் நிரப்பியாயிற்று. ஆயுள் காப்புறுதிப் படிவம்! “இது என்ன தங்கச்சி?” என்று கேட்டால், “அது எஃப்.டி.யோட சேர்ந்து வாறது அண்ணா, வட்டி கொஞ்சம் கூடக் கிடைக்கும்” என்று பதில். அறுபத்தெட்டு வயது ஆளுக்கு ஐந்து வருடம் கட்டுப்பணம் கட்டுகிற காப்புறுதி எதற்கு? அதை வாயால் சொல்லிக் கேட்டு விற்றிருந்தால் கூட மன்னித்திருப்பேன், படிவத்துக்கு நடுவில் செருகி வைத்தது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. படிவங்களை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு எழும்பி வந்தோம். வயதானவர்களைத் தனியே வங்கிக்கு அனுப்பாதீர்கள், கூட ஒருவர் போய் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பாருங்கள்.

அப்புறம் தேசிய சேமிப்பு வங்கி. பாதிக்கு மேற்பட்ட காசு இங்கேதான் போனது, காரணம் ஒன்றே ஒன்று: 1971ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டப்படி இங்கே வைக்கும் முதலுக்கும் வட்டிக்கும் முழுவதுமாக அரசாங்கம் பொறுப்பு. 11 இலட்சம் என்ற எல்லை இங்கே கவலை தராது. இலங்கை வங்கியும் மக்கள் வங்கியும் அரச வங்கிகள்தான், ஆனால் இந்த மாதிரி முழு உத்தரவாதம் சட்டத்திலேயே எழுதப்பட்டிருப்பது தேசிய சேமிப்பு வங்கிக்கு. வட்டி விடயத்தில் மற்ற வங்கிகளை விட அரை வீதம் முன்னே பின்னே இருக்கலாம், பெரிதாக எதிர்பார்க்கத் தேவையில்லை. முகாமையாளரிடம் என் வழக்கமான கேள்வியைக் கேட்டபோது அவர் ஒரு வெற்றுத்தாளை எடுத்து, இடையில் உடைத்தால் வட்டி எப்படிக் குறையும், உடைக்காமல் வைப்பின் மேல் கடன் எடுத்தால் என்ன செலவு என்று இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதிக் காட்டினார். முதிர்வுக்கு ஒரு மாதம், இரண்டு மாதம்தான் இருக்கிறது என்றால் பெரும்பாலும் கடன் எடுப்பதுதான் இலாபம், ஆறு மாதம் இருக்கிறது என்றால் உடைத்துவிடுவது நல்லது. அப்பாவின் வலது கை நடுங்கும், கையெழுத்து முன்போல வராது. “அவசரமில்லை ஐயா, ஆறுதலாப் போடுங்கோ” என்று கவுண்டரில் இருந்த அம்மா புதுக் கையெழுத்து மாதிரி அட்டையையே எடுத்துத் தந்து, இப்போது எப்படி வருகிறதோ அதையே பதிவு செய்துகொண்டார். பின்னால் காசு எடுக்கப் போகும்போது கையெழுத்து ஒத்துவரவில்லை என்று நிற்க வேண்டி வராது.

இங்கே ஒரு விடயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஐம்பது இலட்சத்தை ஒரே சான்றிதழாகப் போடாதீர்கள். நாங்கள் ஐந்து சான்றிதழாக, மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று தவணை மாற்றிப் போட்டோம். மேசனுக்குக் காசு தேவைப்படுகிற காலத்தை ஒட்டி ஒவ்வொன்றாக முதிரும், நடுவில் அவசரம் வந்தாலும் ஒன்றை உடைத்தால் போதும், மற்ற நாலின் வட்டியும் கெடாது. முதிர்ந்ததும் தானாகப் புதுப்பிக்கவா என்று படிவத்தில் ஒரு கேள்வி வரும். விரைவில் எடுக்கப் போகிற காசு என்றால் வேண்டாம், சேமிப்புக் கணக்கில் வைப்பிலிடுங்கள் என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் போகப் பிந்திய ஒரு கிழமைக்காக அது இன்னொரு தவணைக்குப் பூட்டப்பட்டுவிடும்.

அறுபது வயது கடந்தவர்களுக்கு 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்த சலுகையையும் விடாதீர்கள். ஒரு வருட நிலையான வைப்பில் ஆளுக்குப் பத்து இலட்சம் வரைக்கும் வழக்கமான வட்டிக்கு மேலே 3 வீதம். அப்பாவுக்குப் பத்து, அம்மாவுக்குப் பத்து என்று தனித்தனிப் பெயரில் போட்டோம். நாம் கேட்டால்தான் படிவத்தை எடுக்கிறார்கள், ஆகவே கேளுங்கள்.

நம்மவர்கள் அதிகம் பேசாத ஒன்று திறைசேரி உண்டியல், அதாவது அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்க வெளியிடும் பத்திரம். 91, 182, 364 நாள் என்று மூன்று தவணை, ஒவ்வொரு கிழமையும் மத்திய வங்கி ஏலம் வைக்கிறது. நாமே போய் ஏலம் கேட்க முடியாது, ஏலத்தில் கேட்க அனுமதி பெற்ற முதனிலை வணிகர் மூலம்தான் வாங்கலாம், இலங்கை வங்கியும் மக்கள் வங்கியும் அந்தப் பட்டியலில் இருப்பதால் இங்கே இருந்தே விண்ணப்பிக்கலாம். வட்டி கடைசியில் சேர்ந்து வராது, முன்கூட்டியே கழித்துக்கொண்டு வாங்குவோம். எட்டு வீதம் என்றால் ஒரு இலட்சம் ரூபா 364 நாள் உண்டியலுக்கு இன்றைக்கு ஏறக்குறைய 92,600 கட்டுகிறீர்கள், முதிர்வு நாளில் முழு இலட்சமும் கணக்குக்கு வரும். உண்டியல் மத்திய வங்கியின் பதிவேட்டில் உங்கள் பெயரிலேயே இருக்கும், வாங்கித் தந்த வங்கியின் சொத்தாகாது. எங்களிடம் இருந்ததில் 40 இலட்சம் இதில் இருக்கிறது.

அரசாங்கமே வங்குரோத்து என்று அறிவித்த நாட்டில் அரசாங்கத்துக்குக் கடன் கொடுக்கலாமா என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தினார்கள். 2023 ஜூன் கடைசியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று அறிவித்து, வங்கிகளுக்குச் சேர்ந்தாற்போல் ஐந்து நாள் விடுமுறை வந்தபோது இந்த ஊரிலும் எத்தனை பேர் நித்திரையில்லாமல் கிடந்தார்கள் என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். கடைசியில் வங்கி வைப்புகளில் கை வைக்கவில்லை, பொதுமக்கள் வைத்திருந்த திறைசேரி உண்டியல்களிலும் கை வைக்கவில்லை. சுமை ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதிகள் மேலும், மத்திய வங்கி வைத்திருந்த உண்டியல்கள் மேலும்தான் விழுந்தது. சேமலாப நிதிக்காரர்களுக்கு அது பெரிய அநியாயம், ஆனால் குறுகிய தவணை உண்டியல் வைத்திருந்த சாதாரண ஆள் தன் காசைத் தவணைக்கு எடுத்தார். இதன் குறை என்னவென்றால், முதிர்வுக்கு முன் விற்றால் அன்றைய சந்தை வட்டியைப் பொறுத்துத்தான் விலை கிடைக்கும், வட்டி ஏறியிருந்தால் எதிர்பார்த்ததை விடக் குறையும். அதனால் கூரைக்கான காசு, கதவு ஜன்னலுக்கான காசு என்று திகதி தெரிந்த செலவுக்கு மட்டும் இதை வைத்திருக்கிறோம்.

அதிக வட்டிக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு 2022ஐ ஞாபகப்படுத்துகிறேன். அந்த வருடக் கடைசியில் உண்டியல் வட்டி முப்பது வீதத்துக்கு மேலேயும் போனது, ஆனால் செப்டெம்பரில் பணவீக்கம் எழுபது வீதத்தைத் தொட்டிருந்தது. முப்பது வீத வட்டி எடுத்தும் சீமெந்துப் பையின் விலையைப் பிடிக்க முடியவில்லை.

பலருடைய காசைச் சேர்த்துக் குறுகிய தவணை முதலீடுகளில் போடுகிற பணச்சந்தை அலகு நிதியங்கள் நல்லவைதான், ஓரிரு வேலை நாளில் காசைத் திருப்பி எடுக்கலாம், ஆனால் வைப்புக் காப்புறுதி கிடையாது, எல்லாம் செயலியிலும் மின்னஞ்சலிலும் நடப்பதால் அப்பாவுக்குச் சரிவராது. தங்கம் நகையாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் போய்விடும், வீடு கட்டுகிற காசுக்கு அது வழியில்லை. வெளிநாட்டில் இருந்து வருகிற டொலரை டொலராகவே தனிக் கணக்கில் வைப்பது நல்லது, 2022இல் 200 ரூபாயில் இருந்த டொலர் சில மாதத்தில் 360 ஆனதைக் கண்டோம். வீட்டு அலுமாரியில் பெருந்தொகை வைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். சுனாமி வந்த 2004 டிசெம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரையோரத்தில் அதைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

மிச்சம் பத்து இலட்சம் சாதாரண சேமிப்புக் கணக்கில், தொலைபேசியிலேயே அனுப்பக்கூடிய ஒரு வங்கியில். வட்டி சொற்பம், பரவாயில்லை, சீமெந்துக் கடைக்கும் வைத்தியருக்கும் உடனே போக வேண்டிய காசு அது. தொகை 11 இலட்சத்துக்குள் இருப்பதால் எந்த வங்கியாக இருந்தாலும் பயமில்லை. சலுகை வைப்பைத் தவிர மற்றதெல்லாம் அப்பா அம்மா இருவர் பெயரிலும், யாராவது ஒருவர் கையெழுத்தில் எடுக்கக்கூடிய மாதிரிப் போட்டு, அவர்களுக்குப் பிறகு யாருக்கு என்றும் ஒவ்வொரு படிவத்திலும் பெயர் எழுதிக் கொடுத்தோம். இதைச் செய்யாமல் விட்டு, நீதிமன்றம் வரை ஏறி இறங்கிய குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

கடைசியாக வரி. 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் பத்து வீதம் பிடிக்கிறார்கள். ஒரு கோடிக்கு எட்டு வீதம் என்றால் வருட வட்டி எட்டு இலட்சம், அதில் 80,000 போய்விடும். வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் கீழே இருப்பவர்கள் வரி இலக்கத்தோடு சுய பிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். ஒரு வங்கியில் கொடுத்தது மற்ற வங்கிக்குச் செல்லாது, ஒவ்வொரு வரி வருடத்துக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும், பிரதியில் முத்திரை குத்தி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.