பனித்தரையும் சின்ன ஊரும்: ஹாக்கி காதல் நாவல்களோடு பல குளிர்காலங்கள்

ஐஸ் ஹாக்கியில் ஒரு வீரர் ஒரே மூச்சில் ஆடுவது ஏறக்குறைய முக்கால் நிமிடம். அதற்குள் கால் தளர்ந்துவிடும். தடுப்புப் பலகையைத் தாண்டி வந்து பெஞ்சில் விழுவார். அடுத்தவர் குதித்து உள்ளே போவார். ஆட்டம் அதற்காக நிற்பதில்லை. ஹாக்கி வீரனை நாயகனாக வைத்த காதல் நாவல் எதைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். நாயகன் மூன்று பக்கத்துக்குப் பெஞ்சுப் பக்கமே போகாமல் சுழன்றுகொண்டிருந்தால், எழுதியவர் ஓர் ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை என்று தெரிந்துகொள்ளலாம். அப்படிப்பட்ட நாவலில் காதலும் பெரும்பாலும் அதே தரத்தில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஹாக்கி என்றால் கோவில்பட்டி நினைவுக்கு வரும். நான் சொல்வது அந்த ஹாக்கி இல்லை. கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் குளிர்காலம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் பனித்தரை ஹாக்கி. ஒன்டாரியோவில் வசிப்பதால் ஆட்டம் எனக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதை வைத்து எழுதும் காதல் நகைச்சுவை நாவல்களைப் பல ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். காதல் நாவலுக்கும் இந்த நாட்டுக்கும் பழைய உறவு உண்டு. ஹார்லிக்வின் நிறுவனம் 1949-ல் வின்னிபெக் நகரத்தில் தொடங்கப்பட்டது; 1971-ல் லண்டனின் மில்ஸ் அண்ட் பூன் நிறுவனத்தையும் வாங்கிக்கொண்டது. நம் ஊர் வாடகை நூலகங்களில் அட்டை கிழியக் கிழியக் கைமாறிய அந்தப் புத்தகங்களுக்கு முதலாளி கனடாவில் இருந்தார். ஆனாலும் அவற்றில் ஹாக்கி வீரன் வந்ததாக எனக்கு நினைவில்லை. கிரேக்கக் கோடீஸ்வரனும் கடுகடு டாக்டரும்தான் வருவார்கள்.

கோடீஸ்வரனை நகர்த்திவிட்டு ஹாக்கி வீரன் எப்படி வந்து உட்கார்ந்தான்? உடற்கட்டு என்று சொல்லிவிடலாம். அட்டைப் படங்களும் அதைத்தான் சொல்கின்றன. பத்துப் பதினைந்து புத்தகங்களுக்கு அது போதும். அதற்கு மேலும் வாசிக்கிறவர்களை அந்த விளையாட்டின் வாழ்க்கை முறைதான் பிடித்துவைக்கிறது என்பது என் எண்ணம்.

கனடாவில் திறமையுள்ள பையன் 16 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவான். ஜூனியர் அணி இருக்கும் ஊரில், முன்பின் தெரியாத ஒரு குடும்பம் அவனுக்கு அறை கொடுத்துச் சோறு போடும். பில்லட் குடும்பம் என்பார்கள். அங்கிருந்து பள்ளிக்கூடம் போவான், மாலையில் பயிற்சி, இரவெல்லாம் பஸ். பிறகு ஏதோ ஒரு பெரிய நகரத்து அணி அவனைத் தேர்ந்தெடுக்கும். எந்த அணி என்பது அவன் கையில் இல்லை. முப்பத்தைந்தில் கிழவன் என்பார்கள். அதாவது, பையனாக ஊரை விட்டுப் போனவன், பணமும் தேய்ந்த முழங்காலுமாக, இன்னும் பாதி வாழ்க்கை மீதமிருக்கும்போது வேலை இழந்து நிற்கிறான். எங்கே போவான்? ஊருக்குத்தான். சின்ன ஊர்க் காதல் கதையின் முதல் அத்தியாயம் எப்போதும் ஒன்றுதான்: விட்டுப்போன ஒருவர் திரும்பி வருகிறார். விளையாட்டு நாவலும் சின்ன ஊர் நாவலும் ஒன்றோடொன்று இவ்வளவு இயல்பாக ஒட்டிக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

அவனுக்குச் சமைக்கத் தெரியாது என்பதும் இதே கணக்கில் வருகிறது. மற்ற நாவல்களில் முப்பது வயது ஆண் முட்டை அவிக்கத் தெரியாமல் முழித்தால் எனக்கு எரிச்சல் வரும். இங்கே அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. பதினாறு வயதிலிருந்து மற்றவர் வீட்டு மேசையிலும் ஹோட்டலிலும் சாப்பிட்டவன் அவன். நல்ல எழுத்தாளர் இதை நகைச்சுவைக்கும் பயன்படுத்துவார், கொஞ்சம் வலிக்கவும் வைப்பார்.

அடுத்தது, தடை. காதல் கதைக்குத் தடை வேண்டும். இன்று வட அமெரிக்காவில் இரண்டு பேரும் சம்பாதிக்கிறார்கள், பெற்றோர் குறுக்கே நிற்பதில்லை, சாதி பார்ப்பதில்லை. பிறகு என்னதான் தடுக்கிறது? பழைய நாவல்களில் ஒரு கடிதம் தவறிப்போகும், தங்கையைக் காதலி என்று நினைத்துக்கொள்வார்கள். ஹாக்கி நேர்மையான தடையைத் தருகிறது: டிரேட். காலையில் ஒரு போன் வரும். சாயங்காலம் வேறு நகரத்தில் வேறு சீருடை போட்டிருப்பான். வாடகை வீடு, நாய், அப்போதுதான் தொடங்கிய காதல் எல்லாம் பின்னால் நிற்கும். மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம். வேய்ன் கிரெட்ஸ்கிக்கு 1988 ஜூலையில் எட்மன்டனில் கல்யாணம், ஊரே தெருவில் நின்று பார்த்தது. ஒரு மாதம் முடிவதற்குள், ஆகஸ்ட் 9-ஆம் தேதி, அவரை லாஸ் ஏஞ்சலிஸ் அணிக்கு மாற்றிவிட்டார்கள். அரசாங்கம் தலையிட்டுத் தடுக்க வேண்டும் என்று ஓர் எம்.பி. கேட்கும் அளவுக்குப் போனது. ஆட்டத்தின் மகா வீரருக்கே அந்தக் கதி என்றால், கதையில் வரும் மூன்றாம் வரிசைத் தடுப்பாட்டக்காரனுக்கு என்ன உத்தரவாதம்? டிரேடுக்குக் கடைசி நாள் மார்ச் மாதத் தொடக்கத்தில் வரும். அந்தத் தேதியை மனதில் வைத்துக் கட்டப்பட்ட நாவல் என்றால் நான் அன்று இரவு தூங்கப்போவதில்லை.

சீசனின் நீளமும் கதைக்கு உதவுகிறது. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள், அதில் பாதி வெளியூரில். பிறகு ஜூன் வரை பிளே ஆஃப். எழுத்தாளர் புதிதாக ஒரு பிரிவைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை; அட்டவணையே பிரித்துவைக்கும். சேர்ந்து வாழ்வதாக நடிக்கும் ஒப்பந்தக் காதல் இந்த வகையில் அலுக்காமல் ஓடுவதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நடிப்பு கலைந்துவிடும் என்ற கட்டம் வரும்போது அணி விமானம் ஏறிவிடும்.

அணியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அது ஒரு கூட்டுக் குடும்பம். இருபது பேர், ஒரே அறை, ரகசியம் கிடையாது. பெரியவர் ஒருவர் இருப்பார், வாயாடி ஒருவன், ஊமையான ஃபின்லாந்துக்காரன் ஒருவன். கோல்கீப்பர் எப்போதும் விசித்திரப் பிறவி. இதில் நாவலாசிரியர்கள் மிகையாக எதுவும் செய்யவில்லை, ஹாக்கி உலகமே அப்படித்தான் சொல்கிறது. மூடநம்பிக்கைகள் வேறு. பிளே ஆஃப் முடியும்வரை தாடி எடுக்கக் கூடாது என்ற வழக்கம் எண்பதுகளின் தொடக்கத்தில் நியூயார்க் ஐலண்டர்ஸ் அணியிலிருந்து பரவியது. அவளைப் பார்த்துவிட்டுப் போன அன்று கோல் விழுந்தது, ஆகவே இனி ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்னும் பார்த்தாக வேண்டும் என்று நாயகன் வாசலில் வந்து நிற்பது நாவல்களில் தேய்ந்த உத்திதான். எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

இனி ஊர். மினசோட்டாவில் கனடா எல்லையை ஒட்டி வோரோடு என்றோர் ஊர் இருக்கிறது. மக்கள்தொகை 2,000-ஐத் தொடாது. தன்னை ‘ஹாக்கி டவுன்’ என்று சொல்லிக்கொள்கிறது, சொல்லவும் உரிமை உண்டு: 1960-லும் 1980-லும் ஒலிம்பிக் தங்கம் வென்ற அமெரிக்க அணிகளில் இந்த ஊரின் கிறிஸ்டியன் குடும்பத்தார் ஆடினார்கள். 1960-ல் பில், ராஜர் என்ற சகோதரர்கள். 1980-ல் பில்லின் மகன் டேவ். அண்ணன் தம்பிகள் ஹாக்கி மட்டை தயாரிக்கும் தொழிலும் நடத்தினார்கள். இதையே ஒரு நாவலில் எழுதினால் நம்பும்படி இல்லை என்று பதிப்பாசிரியர் வெட்டச் சொல்வார்.

இப்படிப்பட்ட ஊர்களில் ஜனவரி மாதத்து இரவு ஏழு மணிக்கு விளக்கெரியும் கட்டடம் பெரும்பாலும் ரிங்க் எனப்படும் பனித்தரை அரங்கம் ஒன்றுதான். நான் பார்த்த ஒன்டாரியோ ரிங்குகள் எல்லாம் ஒரே அச்சு. உள்ளே நுழைந்ததும் கறுப்பு ரப்பர் விரித்த தரை, அதில் ஸ்கேட் கத்திகள் கொத்திய தழும்புகள். ஈரக் கையுறையும் வியர்வையும் கலந்த ஒரு வாடை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜாம்போனி வண்டி வெந்நீரைத் தடவிக்கொண்டே போகும். பின்னால் தரை கறுத்துப் பளபளக்கும். அலுமினியப் பலகையில் போர்வை விரித்துத்தான் உட்கார முடியும். ஒரு மணி நேரத்தில் ஊர்ச் செய்தி அத்தனையும் தெரிந்துவிடும். யார் வீட்டை விற்கிறார்கள், யார் யாரோடு ஒரே காரில் வந்து இறங்கினார்கள். நாவலில் வரும் கிழவிகள் கூட்டம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததே இல்லை.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு தனிச் சுவை இருக்கிறது. தெருவே பார்க்கும் என்ற பயத்தில் வளர்ந்தவர்கள் நாம். யார் வண்டியில் வந்தாள் என்ற ஒரு கேள்வி போதும், ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்த. இந்த நாவல்களிலும் அதே கண்கள், அதே ஜன்னல்கள், அதே கேள்வி. ஆனால் ஊர் காதலர் பக்கம் நிற்கிறது. எப்போது முத்தம் கொடுத்துக்கொள்வார்கள் என்று பேக்கரியில் பந்தயம் கட்டுகிறார்கள். வம்பு உண்டு, தண்டனை இல்லை. நான் திரும்பத் திரும்ப இந்தப் புத்தகங்களிடம் போவதற்கு ஹாக்கியைவிட இதுதான் பெரிய காரணம்.

ஆண்டுக்கணக்கில் வாசித்ததில் அலுத்துப்போனவையும் உண்டு. கடைசியில் ஒட்டவைக்கும் குழந்தை அத்தியாயம் முதலாவது. கதை முடிந்து, ‘மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு’ என்று ஆரம்பித்தால் புத்தகத்தை மூடிவிடுகிறேன். பேக்கரிப் பொருளாதாரம் இன்னொன்று. ஆயிரத்து ஐந்நூறு பேர் உள்ள ஊரில் லாவெண்டர் கப் கேக் மட்டும் விற்று ஒருத்தி மாடி வீடு வைத்திருக்கிறாள். பழைய ரிங்கைக் காப்பாற்ற நிதி திரட்டும் கதை மட்டும் எத்தனை முறை வந்தாலும் எனக்குச் சம்மதம், ஏனென்றால் அது நிஜமான கவலை. இங்கே ரிங்குகள் பலவும் ஐம்பது ஆண்டு தாண்டியவை. பனித்தரையை உறைய வைப்பது அம்மோனியா. பழைய குழாய் கசிந்தால் உயிரே போகும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபெர்னியில் 2017 அக்டோபரில் மூன்று பேர் அப்படித்தான் இறந்தார்கள். நாவல்களில் கேக் விற்று ஒரே வார இறுதியில் கம்ப்ரெஸர் வாங்கிவிடுகிறார்கள்.

தலையில் அடிபடும் காட்சிகளை இப்போது என்னால் லேசாக வாசிக்க முடிவதில்லை. நாயகன் சண்டையில் அடிபட்டு வருவான், நாயகி சூப் கொடுப்பாள், மறுநாள் சரியாகிவிடும். சண்டைக்கென்றே அணியில் வைத்திருந்த டெரெக் பூகார்ட் 2011-ல் 28 வயதில் இறந்தார். அவருடைய மூளையைச் சோதித்தபோது தொடர் அடிகளால் வரும் சிதைவு நோய் இருந்தது தெரிந்தது. அதைப் படித்த பிறகு சூப் இறங்க மறுக்கிறது.

இந்த வகை கண்ணை மூடிக்கொள்ளும் பெரிய விஷயம் வேறு. வீரர்கள் பெண்களை மதிக்கும் உடைமாற்றும் அறையைத்தான் நாவல்கள் நமக்குக் காட்டுகின்றன. நிஜத்தில், பதிவுக் கட்டணங்களிலிருந்து சேர்ந்த ஒரு நிதியைப் பாலியல் புகார்களுக்கு நஷ்டஈடு கொடுக்க ஹாக்கி கனடா அமைப்பு பயன்படுத்தியது 2022-ல் அம்பலமானது. அந்த அக்டோபரில் தலைமை நிர்வாகியும் இயக்குநர் குழுவும் வெளியேறினார்கள். நாவல் கற்பனைதானே என்று விட்டுவிடலாம். நானும் விடுகிறேன். ஆனால் மோசமான சக வீரன் ஒருவனை வைத்து, மற்றவர்கள் அவனை என்ன செய்கிறார்கள் என்று காட்டும் நாவல்களுக்கு என் அலமாரியில் தனி இடம்.

வாசகர்களும் எல்லை தாண்டினார்கள். 2023-ல் சியாட்டில் க்ராக்கன் அணி காதல் நாவல் வாசகர்களை ஈர்க்க வீடியோக்கள் போட்டது. கருத்துகள் நிஜ வீரர்களின் உடலைப் பற்றிய ஆபாசமாகப் போக, ஒரு வீரரின் குடும்பம் எதிர்ப்புத் தெரிவித்தது. அணி அவற்றை நீக்கிவிட்டது. கற்பனை வீரனுக்கு மனைவி கிடையாது, இவர்களுக்கு உண்டு. அந்த எதிர்ப்பு நியாயம்.

இரண்டு ஆண் வீரர்களுக்கு இடையிலான காதலைச் சொல்லும் நாவல்களை நான் தாமதமாகத்தான் எடுத்தேன். இந்த வகையில் மிகக் கூர்மையான எழுத்து இப்போது அங்கேதான் இருக்கிறது. ஒளித்து வைக்க வேண்டிய காரணம் உண்மையானது: வட அமெரிக்காவின் முதன்மை ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்.-இல் ஒப்பந்தம் உள்ள வீரர் ஒருவர் தன்பாலீர்ப்பாளர் என்று முதன்முறையாக வெளிப்படையாகச் சொன்னது 2021-ல்தான், லூக் ப்ரோக்கப்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். கார்ட்டூன் அட்டையைப் பார்த்து ஏமாற வேண்டாம். உள்ளே படுக்கையறைக் காட்சிகள் ஒளிவுமறைவில்லாமல் இருக்கும். பதின்ம வயதுப் பிள்ளைக்குப் பரிசளிக்கும் முன் நடுவில் பத்துப் பக்கம் புரட்டுங்கள். ஆடியோ புத்தகம் இந்த வகைக்கு மிகப் பொருத்தம், குறிப்பாக இருவர் மாறி மாறி வாசிப்பவை. உடைமாற்றும் அறைக் கிண்டல் காதில் கேட்கும்போது இரட்டிப்புச் சுவை. கனடாவில் இருந்தால் காசு கொடுக்கும் முன் நூலகத்தின் லிபி செயலியைப் பாருங்கள். புதிய தலைப்புகளுக்கு வரிசை நீளம், பழைய தொடர்கள் உடனே கிடைக்கும். தொடரின் முதல் புத்தகத்தில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. ஊரையும் அணியையும் அறிமுகப்படுத்தியே அது தீர்ந்துபோகும். இரண்டாவதில்தான் எழுத்தாளருக்குக் கை வரும், அநேகமாகக் கோல்கீப்பரின் கதை அதுவாக இருக்கும். ஐந்தாவதுக்கு மேல் போனால் அணியில் கல்யாணமாகாதவர் பயிற்சியாளர் ஒருவர்தான் மிஞ்சுவார், அவருக்கும் அடுத்த புத்தகத்தில் தேதி குறித்திருப்பார்கள்.