186 மாணவர்களுக்கு லினக்ஸ் கணக்கு: நியூயூசர்ஸா, லூப் ஸ்கிரிப்டா, அன்சிபிளா?

போன ஜூலையில் எங்கள் கல்லூரி லேபுக்கு ஒரு உபுண்டு சர்வர் வந்தது. இரண்டாம் ஆண்டு மாணவர்கள் 186 பேர், எல்லோரும் புட்டி (விண்டோஸிலிருந்து சர்வருக்குள் நுழையும் மென்பொருள்) வழியாக இதில் நுழைந்துதான் சி புரோகிராம் எழுத வேண்டும் என்று முடிவானது. ஆபீஸிலிருந்து பெயர்ப்பட்டியல் எக்செல் ஷீட்டாக வந்தது. ஒவ்வொருவருக்கும் கணக்கு உருவாக்கும் ஆட்யூசர் கட்டளையை அடித்து, அது கேட்கிற ரூம் நம்பர், போன் நம்பருக்கெல்லாம் என்டர் தட்டிக்கொண்டிருந்தால் தீபாவளி வந்துவிடும். அதனால் மொத்தமாகச் செய்ய என்ன வழி என்று தேடினேன். கடைசியில் மூன்று கையில் நின்றன: ஒரு கோப்பைப் படித்து மொத்தமாகக் கணக்கு உருவாக்கும் நியூயூசர்ஸ் கட்டளை, ஒரு கணக்கு உருவாக்கும் யூசர்ஆட் கட்டளையை லூப்பில் ஓட்டும் பாஷ் ஸ்கிரிப்ட், சர்வர்களை மொத்தமாக நிர்வகிக்கும் மென்பொருளான அன்சிபிள். எல்டேப் (பல கணினிகளுக்கும் பொதுவாக ஒரே இடத்தில் கணக்கு வைக்கும் முறை) பற்றியும் ஒரு நண்பர் சொன்னார். ஒரே ஒரு சர்வருக்கு அது தேவையில்லை என்று விட்டுவிட்டேன். அதை நான் நிர்வகித்ததும் இல்லை.

முதலில் எடுத்தது நியூயூசர்ஸ். காரணம் சோம்பேறித்தனம்தான். லினக்ஸ் தன் கணக்குகளைப் பட்டியலிடும் பாஸ்வேர்டு கோப்பில் இருப்பதுபோலவே கோலன் போட்டு ஏழு பகுதிகள் கொண்ட வரி, ஆளுக்கு ஒன்று. எக்செலில் ஒரு ஃபார்முலா போட்டு இழுத்தால் முடிந்தது. ஒரே கட்டளை, கண் சிமிட்டும் நேரத்தில் 186 கணக்கும் தயார். இதில் ஒரு நல்ல குணம் உண்டு: ஏதாவது ஒரு வரி தப்பாக இருந்தால் கணக்கு எதையும் உருவாக்காமல் அப்படியே நிறுத்திவிடும், பாதி ஆள் உள்ளே பாதி ஆள் வெளியே என்ற குழப்பம் வராது. கெட்ட குணம், புதுக் கணக்குகளுக்கான மாதிரிக் கோப்புகள் இருக்கும் ஸ்கெல் ஃபோல்டரில் இருப்பதை, அவரவர் சொந்த ஃபோல்டரான ஹோமுக்கு நகல் எடுக்காது. நான் அங்கே எல்லோருக்குமாகப் போட்டு வைத்திருந்த விம் எடிட்டர் செட்டிங் ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை. பாஸ்வேர்டுகள் நான் தயாரித்த கோப்பில் வெட்டவெளிச்சமாக இருக்கும் என்பது தெரிந்ததே, வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். நான் அழிக்கவில்லை. அங்கேதான் வினை.

ஆகஸ்ட் கடைசியில் லேட்டரல் என்ட்ரியில் 12 பேர் சேர்ந்தார்கள். பழைய கோப்பின் அடியில் 12 வரி சேர்த்து நியூயூசர்ஸை மறுபடி ஓட்டினேன். ஏற்கெனவே இருக்கும் கணக்கைத் தாண்டிப் போய்விடும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அது தாண்டாது, இருக்கிற கணக்கைக் கோப்பில் உள்ளபடி புதுப்பிக்கும், பாஸ்வேர்டு உட்பட. திங்கட்கிழமை காலை லேபில் 60 பேர் ஒரே நேரத்தில் "சார், பாஸ்வேர்டு தப்புன்னு வருது" என்றார்கள். ஒன்றரை மாதமாக அவரவர் மாற்றி வைத்திருந்ததெல்லாம் போய், ஆரம்பத்தில் நான் வைத்த பிறந்த தேதிக்கே எல்லாம் திரும்பியிருந்தன. பக்கத்து சீட் பையனின் பிறந்தநாள் தெரிந்தால் போதும், அவன் அசைன்மென்ட் உங்கள் கையில். (பிறந்த தேதியை பாஸ்வேர்டாக வைத்தது என் புத்தி, அதற்கு நியூயூசர்ஸைக் குறை சொல்ல முடியாது.)

இந்த வேலையில் முதல் தடவை எது சுலபம் என்று பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். பட்டியல் ஒருநாளும் ஒரே தடவையில் முடிவதில்லை. ஒருவர் தாமதமாகச் சேர்வார், ஒருவர் செக்‌ஷன் மாறுவார், ஒருவர் டிசி வாங்கிக்கொண்டு போவார். அதே கோப்பை இரண்டாம் தடவை, ஐந்தாம் தடவை ஓட்டும்போது என்ன ஆகிறது என்பதை வைத்துத்தான் நான் இப்போது தேர்ந்தெடுக்கிறேன்.

அதனால் அடுத்த செமஸ்டரில் முதலாம் ஆண்டுக்கு லூப் ஸ்கிரிப்டுக்கு மாறினேன், இன்றுவரை அதுதான். சுமார் 20 வரி இருக்கும். எக்செல் ஷீட்டை கமா போட்டுப் பிரித்த டெக்ஸ்டாகச் சேமித்த சிஎஸ்வி கோப்பை வரிவரியாகப் படிக்கும். கணக்குப் பட்டியலில் தேடும் கெட்என்ட் கட்டளையை வைத்து அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்கும், இருந்தால் ஒரு வரி லாகில் எழுதிவிட்டுத் தாண்டிவிடும். இல்லாவிட்டால் யூசர்ஆட், கூடவே ஹோம் உருவாக்க மைனஸ் சிறிய எம் (இதைப் போட்டால்தான் உபுண்டுவில் ஹோம் வரும், ஸ்கெல்லும் நகலாகும்), கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லுக்கு மைனஸ் எஸ். பிறகு பாஸ்வேர்டு வைக்க சிஎச்பாஸ்வேர்டு, அதற்கும் பிறகு முதல் லாகினில் கட்டாயம் மாற்றவைக்க சேஜ் மைனஸ் டி 0. இந்த வரிசை மாறக் கூடாது. சேஜை முதலில் போட்டால், பின்னால் வரும் சிஎச்பாஸ்வேர்டு, கடைசியாக பாஸ்வேர்டு மாற்றிய நாளாக இன்றைய தேதியை எழுதி அதை ரத்து செய்துவிடும். இன்னொன்று, பாஸ்வேர்டு மாற்றி முடித்ததும் இணைப்பு துண்டாகி புட்டி ஜன்னல் மூடிக்கொள்ளும். அது சரியாகத்தான் வேலை செய்கிறது, மறுபடி திறந்து புது பாஸ்வேர்டில் நுழையுங்கள் என்று போர்டில் எழுதிப் போட்டுவிடுங்கள். நான் எழுதவில்லை, 40 பேருக்குத் தனித்தனியாகச் சொன்னேன்.

ஸ்கிரிப்டிலும் அடி வாங்கியிருக்கிறேன். முதல் சோதனையில் கணக்குகள் எல்லாம் உருவாயின, ஒன்றிலும் நுழைய முடியவில்லை. பாஸ்வேர்டைப் பார்த்துப் பார்த்து அடித்தும் தப்பு என்றது. அரைமணி நேரம் எஸ்எஸ்ஹெச் (புட்டி சர்வரோடு இணையும் வழி) செட்டிங்கைக் குடைந்தபிறகு சிஎஸ்வியை, மறைந்திருக்கும் எழுத்துகளையும் காட்டும் கேட் மைனஸ் பெரிய ஏ போட்டுப் பார்த்தால், ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு தொப்பியும் எம்மும் (^M). விண்டோஸ் எக்செல் வரி முடிவில் விட்டுச்சென்ற, கண்ணுக்குத் தெரியாத கேரேஜ் ரிட்டர்ன் எழுத்து, கடைசி நெடுவரிசையில் இருந்த பாஸ்வேர்டோடு ஒட்டிக்கொண்டு அதன் கடைசி எழுத்தாகவே ஆகிவிட்டது. அந்த எழுத்தை எந்தப் பிள்ளை கீபோர்டில் அடிக்கும்? இப்போது ஸ்கிரிப்டின் முதல் வேலையே அதை நீக்குவதுதான்.

ஆள் போனபிறகு வரும் வேலைக்கும் ஸ்கிரிப்ட் கைகொடுக்கிறது. யூசர்டெல் மைனஸ் ஆர் ஹோமை அழிக்கும், ஆனால் பொது டேட்டா ஃபோல்டரில் அவர் விட்ட கோப்புகள் வெறும் யூஐடி எண்ணோடு (லினக்ஸ் ஒவ்வொரு கணக்குக்கும் தரும் எண்) அனாதையாகக் கிடக்கும். யூசர்ஆட் இருப்பதில் பெரிய எண்ணுக்கு அடுத்ததை எடுப்பதால், கடைசியாகச் சேர்ந்தவரை நீக்கினால் அதே எண் அடுத்த புதியவருக்குப் போய், பழையவர் கோப்புகளும் அவருடையதாகிவிடும். அதனால் நான் உடனே நீக்குவதில்லை, உருவாக்கும்போதே மைனஸ் சிறிய ஈ போட்டு மே 31 என்று காலாவதித் தேதி வைத்துவிடுகிறேன். டிசி வாங்கியவருக்குத் தேதியை முன்னால் இழுத்தால் போதும்.

அன்சிபிள்? சரியான ஆள் கையில் இதுதான் நல்ல தேர்வாக இருக்கலாம். நான் ஒரு விர்ச்சுவல் மெஷினில் பத்துப் பேரை வைத்துப் பார்த்ததோடு சரி. அதிலும் அதே கண்ணி இருக்கிறது: கணக்குகளைக் கவனிக்கும் யூசர் மாட்யூலில் அப்டேட் பாஸ்வேர்டு என்ற செட்டிங்கின் இயல்பான மதிப்பு ஆல்வேஸ், அதை ஆன் கிரியேட் என்று மாற்றாவிட்டால் ஒவ்வொரு ஓட்டத்திலும் பாஸ்வேர்டு பழையதற்கே போகும். பாஸ்வேர்டை ஹேஷாகத்தான் (திரும்பக் கண்டுபிடிக்க முடியாதபடி மாற்றிய வடிவில்) கொடுக்க வேண்டும், காலாவதித் தேதியை எபாக் வினாடிகளில் (1970 ஜனவரி 1 முதல் எண்ணுவது) கொடுக்க வேண்டும், ஆள் ஆளாகப் போவதால் நிதானமாகத்தான் நகரும். மூன்று நான்கு சர்வர் இருந்தால் நானும் அதற்குத்தான் போவேன். ஒரே சர்வருக்கு, எனக்குப் பிறகு வருபவர் படித்தே புரிந்துகொள்ளக்கூடிய 20 வரி பாஷ் போதும்.

ஒரே ஒரு தடவை, பத்து நாள் வொர்க்‌ஷாப்புக்கு, முடிந்ததும் சர்வரையே அழித்துவிடப் போகிறீர்கள் என்றால் நியூயூசர்ஸே போதும், அதை நானே சிபாரிசு செய்வேன்.

இந்த வருஷப் பட்டியல் நேற்று வந்தது, 203 வரி. கேட் மைனஸ் பெரிய ஏ போட்டேன், அதே தொப்பியும் எம்மும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன.