குக்கர் இங்கே, குளிர் ஜாக்கெட் அங்கே: ஜெர்மனிக்குப் பெட்டி கட்டும்போது

அக்டோபரில் ஜெர்மனியில் படிக்கப் போகும் பிள்ளை இருக்கும் வீட்டில் ஆகஸ்டிலேயே பெட்டியைத் திறந்து வைத்துவிடுவார்கள். "எல்லாத்தையும் இங்கயே வாங்கிடு, அங்க எல்லாம் யூரோ விலை" என்பார் அப்பா. "அங்க எல்லாமே கிடைக்கும், சும்மா சுமக்காதே" என்பார் முன்பே போய்வந்த மாமா. டோர்ட்முண்டில் இரண்டு வருடம் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன், இரண்டுமே பாதிதான் சரி. பல விமானங்களில் தருவது 23 கிலோ பெட்டி ஒன்றோ இரண்டோ. அதனால் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகத்தான் யோசிக்க வேண்டும்.

முதலில் குக்கர். ஜெர்மன் குக்கர்கள் அருமையானவை, ஆனால் விசில் அடிக்காது. மூடியில் மெல்ல எழும் ஒரு குமிழைப் பார்த்துத்தான் அழுத்தத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் சமையல் கணக்கோ விசிலில் இருக்கிறது. "பருப்புக்கு நாலு, சுண்டலுக்கு ஆறு" என்று அம்மா போனில் சொல்லும்போது விசில் இல்லாத குக்கரோடு நிற்பது பெரிய தவிப்பு. ஆகவே மூன்று லிட்டர் குக்கரை இங்கேயே வாங்குங்கள். ஆனால் சாதாரண அலுமினியம் வேண்டாம். அங்கே பெரும்பாலும் மின் அடுப்புதான், அது இண்டக்‌ஷனாக இருந்தால் அலுமினியம் சூடேறாது. இண்டக்‌ஷன் அடி வைத்த எவர்சில்வர் குக்கர், கூடுதலாக இரண்டு கேஸ்கட், ஒரு சேஃப்டி வால்வு. குக்கருக்குள் காலி இடம் விடாமல் பொடிப் பொட்டலங்களை அடுக்கலாம்.

சின்ன மிக்ஸியையும் எடுத்துப் போகலாம். அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். எர்த் உள்ள அடாப்டர் ஒன்று போதும். அமெரிக்கா போகிறவர்களுக்கு இது பொருந்தாது, அங்கே 120 வோல்ட். லேப்டாப்பையும் இங்கேயே வாங்கிவிடுங்கள். ஜெர்மன் விசைப்பலகையில் Y இருக்கும் இடத்தில் Z இருக்கும்.

குளிர் ஜாக்கெட்டில் நான் அப்பா பேச்சைக் கேட்டேன், அது தப்பாகப் போனது. ஊட்டிக்குப் போதுமான ஜாக்கெட் அந்த ஊர் ஜனவரிக்குப் போதவில்லை. அங்கே பனியைவிட ஈரக்காற்றும் மழையும்தான் வாட்டும். காற்றும் தண்ணீரும் உள்ளே வராத ஜாக்கெட்டையும் ஷூவையும் அங்கே போய், போட்டுப் பார்த்து வாங்குங்கள். உள்ளே போடும் தெர்மல், பனியன், காலுறை இங்கே மலிவு. கனமான ஸ்வெட்டர் வேண்டாம், வீட்டுக்குள் எங்கும் ஹீட்டர் ஓடும்.

மெத்தை விரிப்பு, தலையணை உறை எதுவும் வேண்டாம். அவர்கள் தலையணை 80-க்கு 80 சென்டிமீட்டர் சதுரம். நம் உறை சேராது.

சாப்பாட்டில் மாமா சொன்னதுதான் சரி. 1980-களில் போரிலிருந்து தப்பி வந்த ஈழத்தமிழர்கள் பல ஊர்களில் கடை வைத்திருக்கிறார்கள். டோர்ட்முண்டுக்குப் பக்கத்தில் ஹாம் நகரில் 2002-இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயிலே இருக்கிறது. இட்லி அரிசி, உளுந்து, புளி எல்லாம் கிடைக்கும். அரிசி மூட்டையைச் சுமக்காதீர்கள். வீட்டில் அரைத்த சாம்பார் பொடி, பருப்புப் பொடி, வத்தல் மட்டும் போதும். நெய், பால்கோவா, இறைச்சி ஊறுகாய் எடுத்துப் போக ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி இல்லை. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள்.

மூக்குக் கண்ணாடி இரண்டு ஜோடி இங்கேயே. மருந்து, சொந்த உபயோகத்துக்கு மூன்று மாதத் தேவை வரை, டாக்டர் சீட்டோடு. அங்கே ஆன்டிபயாடிக் சீட்டில்லாமல் தரமாட்டார்கள்.

கடைசியாக, யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். நான் சனி இரவு போய் இறங்கினேன். அறையில் வெறும் மெத்தை, கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட். கைப்பையில் பவர் பேங்கோடு (அதைப் பெரிய பெட்டியில் போடவும் கூடாது) கால் கிலோ அவல், கொஞ்சம் வெல்லம், ஒரு நூல் போர்வை வைத்துக்கொள்ளுங்கள். திங்கள் காலை வரை அது தாங்கும்.