28,500 ரூபாய் போச்சுங்க. பழவேற்காடு டூர் புக் பண்றவங்க படிச்சுட்டுப் பண்ணுங்க

நேத்து காலைல சேரன் எக்ஸ்பிரஸ்ல வந்து இறங்கினோம். பையை இன்னும் பிரிக்கலை. நம்ம திருப்பூர்க்காரங்க வேற யாரும் மாட்டக் கூடாதுன்னுதான் எழுதறேன். கடை பேரைப் போடலை. பஸ் ஸ்டாண்டு பக்கம் கார், வேன் வாடகைக்கு விட்டுக்கிட்டு, ஆறேழு மாசமா ‘பறவை டூர்’னும் போர்டு வெச்சிருக்கற ஒரு டிராவல்ஸ். புக் பண்றதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்னு கடைசில விவரமா சொல்றேன்.

எம் பொண்ணு ஏழாவது படிக்கறா. பறவைன்னா உசுரு. ஞாயித்துக்கிழமையானா நஞ்சராயன் குளத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லி விடியக்காலம் அஞ்சரைக்கே எழுப்பிருவா. 2024-ல அந்தக் குளத்துக்கு ராம்சார் அங்கீகாரம், அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கற பேரு, கெடச்சப்ப ஊட்ல கேசரி கிண்டச் சொன்ன புள்ளைங்க. கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, வரித்தலை வாத்து எல்லாம் நோட்டுல எழுதி வெச்சிருக்கா. பூநாரையைக் கூட்டங்கூட்டமாப் பார்க்கணும்ங்கறதுதான் ரெண்டு வருச ஆசை. அதுக்குப் பழவேற்காடு ஏரிதான். ஒடிசாவுல இருக்கற சில்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவுலயே பெரிய உப்பங்கழி, பாதிக்கு மேல ஆந்திராவுல கெடக்குது. பனிக்காலத்துலதான் பூநாரை ஆயிரக்கணக்குல வந்து எறங்கும். தீபாவளி போனஸ்ல கை வெக்காம எடுத்து வெச்சிருந்த பணம். அம்மா, ஊட்டுக்காரி, பொண்ணு, நானு, நாலு பேருக்கு 28,500 ரூபாய்.

நம்பினது எங்கன்னா, அந்தப் பையன் பேசின பேச்சுலதானுங்க. உள்ள போனதுமே, “வாங்கண்ணா, உக்காருங்க”ன்னான். டீ வந்துச்சு. எம் பொண்ணு நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாப் பொரட்டிப் பார்த்தான். “அம்மிணி, பூநாரை ஏன் ரோஸா இருக்குது தெரியுமா?”ன்னு கேட்டான். “அது திங்கற பாசி, கூனிப்பொடியில இருக்கற நிறமிங்கண்ணா”ன்னு இவ சொன்னதும் கையத் தட்டினான். ஏரிக்கரையிலயே ரூம், ஏரிக்குள்ள ரெண்டு மணி நேரம் படகு, கூட ஒரு கைடு. மறுநாள் சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போற ரோடு, ஏரிக்கு நடுவுலயே போகும்ல, அதுல ஒரு சுத்து, அப்புறம் நேலப்பட்டு பறவைகள் சரணாலயம். அத்தனையும் அதுக்குள்ளயே அடக்கம்னான். ரசீது கேட்டேன். “நம்மூர்க்காரங்ககிட்டத் தப்புப் பண்ணுவனுங்களாண்ணா, வாட்ஸாப்புல போட்டுர்றேன்”னான். அந்த ஒரு வார்த்தைக்கு அங்கயே உக்காந்து முழுப் பணத்தையும் ஜிபே பண்ணினேன். 28,500. வாட்ஸாப்புல ஒரு கட்டைவிரல் பொம்மைதான் வந்துச்சு. ரசீது வரவேயில்லை.

சென்ட்ரல்ல கார் நின்னுச்சு, அது வரைக்கும் சரி. ரூம் ஏரிக்கரையில இல்லை, பொன்னேரியில ஒரு லாட்ஜு. ஏரியே கண்ணுக்குத் தெரியாது. கைடு நம்பர் ஸ்விட்ச் ஆஃப். சரி, படகுத் துறைக்காவது போலாம்னு போனா, வலை காய வெச்சுக்கிட்டிருந்த ஒரு பெரியவரு எங்களை மேலயும் கீழயும் பார்த்தாரு. “யாருங்க உங்களுக்குப் படகுன்னு சொன்னது? 2011 கிறிஸ்மஸ் அன்னிக்குப் படகு கவுந்து 22 பேர் செத்தாங்க. சுத்திப் பார்க்க வர்றவங்களை ஏத்தக் கூடாதுன்னு தடை போட்டிருக்காங்க”ன்னாரு. எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிப் போச்சு.

உடனே அந்தப் பையனுக்குப் போன் போட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதறேன்: “அண்ணா, அதெல்லாம் பேருக்குத்தாண்ணா. வேற கரையில ஒருத்தரு ஏத்துவாரு, தனியா 3,000 மட்டும் குடுத்துருங்க.” லைஃப் ஜாக்கெட் இருக்குதான்னு கேட்டேன். “முழங்கால் தண்ணிதாண்ணா”ங்கறான். பன்னெண்டு வயசுப் புள்ளையையும் அறுவத்தெட்டு வயசு அம்மாவையும் கூட்டிட்டு வந்தவன்கிட்டச் சொல்ற பேச்சுங்களா இது? பணம் போனதை விட இதைத்தான் என்னால தாங்க முடியலை. தடை இருக்கறது தெரிஞ்சே வித்திருக்கான்.

மறுநாள் டிரைவர், “ஆந்திரா பர்மிட்டுக்கு ஓனர் பணம் தரலீங்க, பார்டர் தாண்ட மாட்டேன்”னுட்டாரு. அவரைக் குத்தம் சொல்ல முடியாது. சூளூர்பேட்டையும் இல்லை, நேலப்பட்டும் இல்லை. டச்சுக்காரங்க கல்லறையைப் பார்த்தோம். வாசல்ல எலும்புக்கூடு செதுக்கியிருக்கற பழைய கல்லறை, அருமையாத்தான் இருந்துச்சு, ஆனா அதுக்காகவா போனோம்? சாயந்தரம் கரையில நின்னு பைனாகுலர்ல பார்த்தா, ரொம்பத் தூரத்துல வெளிர் ரோஸ்ல ஒரு கோடு. எம் பொண்ணு அரை மணி நேரம் கண்ணை எடுக்காமப் பார்த்தா. அப்புறம் நோட்டுல ‘பூநாரை, எண்ண முடியவில்லை’ன்னு எழுதினா. எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சுங்க.

வந்ததிலிருந்து அலையறேன். மொதல்ல, “மீட்டிங்ல இருக்கேண்ணா.” அப்புறம், “அது சென்னை பார்ட்டி பண்ணினது, எங்களுக்குச் சம்பந்தமில்லை.” மத்தியானம் கடைக்கே போனேன். கவுண்டர்ல இருந்த புள்ள, “ஓனர் வெளியூருங்க, நீங்க பணம் கட்டினதுக்கு ரசீது இருக்குதுங்களா?”ங்குது. சாயந்தரம் ஒரு மெசேஜ்: “அடுத்த டிரிப்புல 2,000 கழிச்சுக்கலாம்ணா.” நான் குடுத்தது 28,500. அதுக்கப்புறம் போடற மெசேஜுக்கு ஒரே டிக்குதான்.

விவரமா சொல்றேன்னேன், இப்பப் பொறுமை இல்லைங்க. பழவேற்காட்டுல படகுன்னு எவன் சொன்னாலும் எந்திரிச்சு வந்துருங்க. ரசீது கையில வராம முழுப் பணம் குடுக்காதீங்க. லாட்ஜு பேரைக் கேட்டு நீங்களே போன் போட்டு விசாரிங்க. ஆந்திரா பர்மிட் யாரு பொறுப்புன்னு எழுதி வாங்குங்க. ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை அழிச்சுறாதீங்க, என்கிட்ட இப்ப இருக்கறது அது ஒண்ணுதான்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிஞ்சிருக்கேன். நாளைக்குக் காலைல ஷிஃப்டுக்குப் போறதுக்கு முன்னாடி மறுபடியும் அந்தக் கடைக்குப் போறேன். கூட வர முடிஞ்சவங்க சொல்லுங்க.