உப்புக்காற்று, இரண்டு மழைக்காலம், ஒரு ஜோடி சைடு பேக்: 27,000 கிலோமீட்டர் அனுபவம்

வண்டி 2014 மாடல் தண்டர்பேர்டு 350. ஹேண்டில்பாரை மாற்றி, முன்னால் உயரமான கண்ணாடி வைத்து, பின்சீட்டுக்கு சாய்மானம் போட்டு, பெயிண்டும் மாற்றியாச்சு. லாங் ரைடு போவதற்கு எல்லாம் செய்தவன் பை விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் பார்த்தேன். மூணாறு போய்விட்டுத் திரும்பும்போது பின்சீட்டில் ரப்பர் கயிறு போட்டுக் கட்டியிருந்த பை போடிமெட்டு இறக்கத்தில் ஒரு பக்கமாகச் சரிய, மூன்று இடத்தில் வண்டியை நிறுத்தி நிறுத்திக் கட்டினேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக சைடு பேக் ஆர்டர் போட்டேன். பக்கத்துக்கு 25 லிட்டர், ரெக்சின் மாதிரித் துணி, சீட்டுக்கு அடியில் பட்டை போட்டுத் தொங்கவிடும் வகை. ஜோடி 5,800 ரூபாய்.

இரண்டரை வருடம் ஆகிறது. பையைப் பற்றி எனக்குப் பெரிதாகக் குறை இல்லை. நான் பட்ட பாடெல்லாம் அதைத் தாங்கும் கம்பியோடுதான், அதனால் இதில் பாதிக்கு மேல் கம்பிக் கதையாகத்தான் இருக்கும்.

இடது பக்கம் சேலை கார்டு இருப்பதால் பை டயர் பக்கம் போகாது. வலது பக்கம் சைலென்சர் மட்டும்தான். பைக்கும் சைலென்சருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தது, போதும் என்று நினைத்தேன். வண்டி நிற்கும்போது பார்த்த இடைவெளி அது. பையில் ஆறேழு கிலோ ஏற்றி, பின்னால் ஆளும் உட்கார்ந்து, தக்கலை தாண்டி ஒரு ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் பை அமுங்கி உள்பக்கமாகப் போய் இடிக்கும். குலசேகரம் போய்ச் சேர்வதற்குள் பிளாஸ்டிக் எரிகிற நாற்றம் வந்தது, நான் ஏதோ ரோட்டோரத்தில் குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்து ஓட்டிக்கொண்டே இருந்தேன். இறங்கிப் பார்த்தால் பையின் அடியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. உள்ளே நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட் உருகி என் சட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சிப்ஸ் நன்றாகத்தான் இருந்தது என்று கூட வந்தவன் சாப்பிட்டும் காட்டினான்.

அப்புறம் பை உள்ளே போய் இடிக்காமல் தாங்கும் கம்பி அடிக்க வெல்டிங் பட்டறைக்குப் போனேன். 10 எம்எம் கம்பியை வளைத்து, மேலே பின் ஷாக் அப்சார்பர் போல்ட்டில் ஒரு பிடி, பின்னால் மட்கார்டு கம்பியில் ஒரு பிடி. அண்ணாச்சி அப்போதே சொன்னார், "தம்பி, ரெண்டு போல்ட்ல நிறுத்துனா இது ஆடும் பாத்துக்கோ, மூணாவது ஒண்ணு கீழ குடுக்கணும்." பின்சீட்டுக்காரர் கால் வைக்கும் இடத்தில் கம்பி வந்தால் பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று நான்தான் வேண்டாம் என்றேன். ஒற்றை சிலிண்டர் வண்டி, அதிர்வு இருக்கத்தான் செய்யும். 8,000 கிலோமீட்டரில் வலப்பக்க வெல்டிங்கில் தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. துரு என்று நினைத்துத் துடைத்தேன், போகவில்லை. அடுத்த வாரமே அந்த இடத்தில் விட்டுவிட்டது. சரி, தப்பு என்னுடையது. இப்போது ஃபுட்ரெஸ்ட் பக்கமும் சேர்த்து மூன்று பிடி, அதிர்வில் கழலாத நைலாக் நட்டு, சைலென்சர் பக்கம் ஒரு அலுமினியத் தகடு. அதற்கப்புறம் கம்பி அசையவில்லை. ஒன்று கவனியுங்கள்: ஷாக் போல்ட்டில் கூடுதலாக ஒரு தகடு ஏறும்போது பழைய போல்ட்டின் நீளம் போதாது. நட்டு மரை முழுசாகப் பிடிக்கிற மாதிரி நீளமானதை வாங்கிப் போடுங்கள்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டக் கஷ்டம் தனி. ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை, நடுவில் கடல்காற்று. எனக்கு வேலை குளச்சல் பக்கம், வண்டி பகல் முழுக்கக் கடற்கரை ரோட்டில் நிற்கும். முதலில் போட்ட சாதாரண போல்ட் முதல் மழையிலேயே சிவந்துவிட்டது. மாற்றிப் போட்ட 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டிலும் டீ குடித்துக் கழுவாமல் வைத்த கிளாஸ் மாதிரி ஒரு கறை பிடிக்கிறது, துடைத்தால் போய்விடும். பையோடு வந்த மழைக் கவர் சுத்த வேஸ்ட். ஆரல்வாய்மொழி கணவாய்க்குள் நுழைந்ததும் ஆடிக் காற்றில் பலூன் மாதிரி ஊதி, முப்பந்தல் காற்றாலைக்குக் கீழே எங்கேயோ பறந்து போனது. திரும்பிப் போய்த் தேடவும் மனசில்லை. இப்போது ரப்பர் மரத்துக்கு ரெயின் கார்டு கட்டும் பாலித்தீனை வாங்கி, உள்ளே பை மாதிரி ஒட்டி வைத்திருக்கிறேன். மழை வெளிப்பையை நனைக்கும், துணி நனையாது.

அந்தக் கணவாயில் இன்னொன்றும் தெரிந்தது. பக்கவாட்டுக் காற்று பையைப் பாய்மரம் மாதிரிப் பிடித்துத் தள்ளும். கனமான டூல்ஸ், தண்ணீர் பாட்டிலெல்லாம் பையின் அடியில், முன்பக்கமாக வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். பின்னால் கொண்டுபோய்த் திணித்தால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆட்டம் காட்டும். பை நிறைந்திருக்கும்போது பின் ஷாக்கின் விறைப்பை ஒரு ஸ்டெப் ஏற்றிவிடுவேன், ஐந்து ஸ்டெப் இருப்பது சும்மா இல்லை.

அகலம் ஹேண்டில்பாருக்குள் அடங்க வேண்டும். ஹேண்டில் நுழையும் இடத்தில் பையும் நுழையும் என்ற நம்பிக்கையில்தான் கோட்டார் மார்க்கெட்டுக்குள் ஓட்டுகிறேன். பின் இண்டிகேட்டர் பைக்குப் பின்னால் மறைந்ததால் நம்பர் பிளேட் பக்கம் தள்ளி வைத்தேன். ஒயர் ஜாயின்ட்டில் தண்ணீர் புகுந்து ஒரு பல்பு எரியாமல், மற்றது படபடவென்று அடித்தது. ஜாயின்ட்டை மறுபடி சால்டர் வைத்துச் சுற்றினேன், இப்போது பரவாயில்லை.

வீட்டில் ஒரே புகார் அம்மாவிடமிருந்து. சேலையில் ஒருபக்கமாக உட்காருகிறவர், இடப்பக்கப் பை இருந்தால் கால் வைக்க இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை சுசீந்திரம் போகும்போது அந்தப் பையைக் கழற்றிக் கார் ஷெட்டில் ஆணியில் மாட்டிவிடுவேன். பக்கிள் இரண்டு, அரை நிமிட வேலை.

இப்போது வலப்பை ஜிப்பில் உப்புக் கட்டி நகர மாட்டேன் என்கிறது. மெழுகுவர்த்தி தேய்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஜூன் மழைக்கு முன்னால் மாற்றித் தருகிறேன் என்று வடசேரியில் குடை தைக்கிறவர் சொல்லியிருக்கிறார், 250 கேட்கிறார்.