ஆல்சாவா, பல்ஸா, பைப்வயரா? பழைய லேப்டாப்பில் யூ.எஸ்.பி மைக்

பழைய லேப்டாப்பில் பப்பி லினக்ஸோ ஆன்டிஎக்ஸோ லுபுண்டுவோ என்று லேசான லினக்ஸ் ஓ.எஸ். ஒன்றைப் போட்டாயிற்று, நன்றாகவே ஓடுகிறது. யூ.எஸ்.பி மைக்கைச் செருகிப் பேசினால் மட்டும் ஒன்றும் பதிவாகவில்லை. அடுத்து என்ன செய்வோம்? வேறு ஓ.எஸ். போட்டுப் பார்ப்போம். அதிலும் விழாவிட்டால் இன்னொன்று. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று எங்கே யாரிடம் கேட்டாலும் "மிண்ட் போடு, எல்லாம் சரியாயிரும்" என்றுதான் பதில் வரும். மிண்டும் ஒரு லினக்ஸ்தான், கொஞ்சம் கனமானது. 2 ஜிபி ரேம் உள்ள மிஷினில் அதைப் போட்டால் மைக் எழுந்துவிடும், மிஷின் படுத்துவிடும்.

ஓ.எஸ்.களை ஒப்பிட்டுப் பயனில்லை என்பது என் கட்சி. மைக்கில் இருந்து வரும் ஒலியை யார் வாங்கி யாரிடம் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். லினக்ஸில் அந்த வேலைக்கு மூன்று பேர் இருக்கிறார்கள்: ஆல்சா, பல்ஸ்ஆடியோ, பைப்வயர். உங்கள் வேலைக்கு இவர்களில் யார் தேவை என்று தெரிந்துவிட்டால் ஓ.எஸ். எது என்பது பெரிய விஷயமே இல்லை.

அதற்கு முன் மைக் மேல் பழி இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம். யூ.எஸ்.பி ஒலிக் கருவிகளுக்கான பொது விதிமுறை 1998-லேயே வந்துவிட்டது. அதன்படி செய்த மைக்குக்குத் தனி டிரைவர் வேண்டாம், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இருக்கும் பொது டிரைவரே போதும். பெட்டியோடு ஏதாவது சி.டி. வந்திருந்தால் ஓரமாக வையுங்கள். கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலில் ‘எல்எஸ்யூஎஸ்பி’ (lsusb) என்று அடித்தால் மைக்கின் பெயர் தெரிய வேண்டும். ‘ஏரெக்கார்டு’ கட்டளையோடு ஒரு கோடும் சின்ன ‘எல்’ எழுத்தும் சேர்த்து (arecord -l) அடித்தால், பதிவு செய்யக்கூடிய கார்டுகளின் பட்டியல் வரும். விலை குறைந்த மைக்குகளில் பலவும் மேலே எந்தக் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் அங்கே ‘யூ.எஸ்.பி பிஎன்பி சவுண்ட் டிவைஸ்’ என்றே நிற்கும். பட்டியலில் வந்துவிட்டால் மைக் சரி. வராவிட்டால் ஹப்பைக் கழற்றிவிட்டு நேராக லேப்டாப்பில் செருகுங்கள், வயரை மாற்றிப் பாருங்கள். போர்ட் பழசாயிற்றே என்ற கவலை வேண்டாம். ஒற்றைச் சேனல், 16 பிட், 48,000 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 48,000 மாதிரிகள்) ஒலிக்கு விநாடிக்கு 768 கிலோபிட்தான் தேவை. யூ.எஸ்.பி 1.1 போர்ட்டே 12 மெகாபிட் வரை தாங்கும்.

ஆல்சா மட்டும்

2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில் இருந்து லினக்ஸின் சொந்த ஒலி அமைப்பு இதுதான். மற்ற இரண்டும் இதன் மேலேதான் ஓடுகின்றன. ஆகவே ஆல்சாவோடு நிறுத்திக்கொண்டால் ரேமும் மிச்சம், நடுவில் நிற்கும் தரகர்களும் மிச்சம்.

ஒரு கோயில் கொடையில், அதாவது திருவிழாவில், வில்லுப்பாட்டைப் பதிவு செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மைக், ஒரு லேப்டாப், ராத்திரி முழுக்க ஒரே வேலை. இதற்கு ஆல்சாவை அடிக்க ஆளில்லை. ஏரெக்கார்டிடம் கார்டின் பெயரையும் சேனலையும் ஹெர்ட்ஸ் வேகத்தையும் சொல்லிவிட்டால், கறுப்புத் திரையில் ஒலி அளவு காட்டும் கோடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நடுவில் எந்த மென்பொருளும் தானாக வந்து வால்யூமைத் திருகாது.

ஆனால் ஆல்சா கறாரான ஆள். முதல் இடறல் சேனல். சி.டி. தரம் என்று கேட்டால் அது இரண்டு சேனல், 44,100 ஹெர்ட்ஸ். மைக்கிடம் இருப்பதோ ஒரு சேனல். கார்டைக் குறிக்க ‘எச்டபிள்யூ’ (hw) என்று தொடங்கும் முகவரியைக் கொடுத்திருந்தால் அந்தச் சேனல் எண்ணிக்கை கிடையாது என்று ஒரே வரியில் மறுத்துவிட்டு வெளியே வந்துவிடும். மைக் கெட்டுவிட்டது என்று பலர் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். முகவரியில் ‘பிளக்எச்டபிள்யூ’ (plughw) என்று மாற்றுங்கள், தேவையான மாற்றங்களை ஆல்சாவே செய்துகொள்ளும். அடுத்தது கார்டு எண். இன்றைக்கு 1 என்று இருப்பது, நாளைக்கு மைக்கைச் செருகியபடியே மிஷினை ஆன் செய்தால் 0 ஆகலாம். அதனால் எண்ணை எழுதாமல் பட்டியலில் இருக்கும் பெயரை எழுதுவது நல்லது.

இன்னொரு சிக்கல் கொஞ்சம் விஷமமானது. ‘மைக்கை டீஃபால்ட் கார்டு ஆக்கு’ என்ற அறிவுரையை அப்படியே கேட்டால் மைக் வேலை செய்யும், ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். பல மைக்குகளில் ஒலி வெளியே போக வழியே இல்லை. ஆனாலும் இப்போது எல்லாச் சத்தமும் அங்கேதான் அனுப்பப்படுகிறது. வீட்டுக் கோப்புறையில் ‘ஏசவுண்ட்ஆர்சி’ (.asoundrc) என்ற மறைகோப்பை உருவாக்கி, ‘ஏசிம்’ (asym) வகையில் கேட்பதற்கு லேப்டாப் கார்டு, பதிவுக்கு யூ.எஸ்.பி கார்டு என்று பிரித்து எழுதிவிட்டால் தீர்ந்தது. ஆறேழு வரிதான் வரும், ஒரு தடவை எழுதினால் போதும்.

ஒலி அளவை வைக்க ஆல்சாமிக்சர். எஃப்6 அழுத்தி மைக் கார்டைத் தேர்ந்தெடுத்து, எஃப்4 அழுத்தினால் பதிவுப் பகுதி வரும். ‘கேப்ச்சர்’ என்ற சொல் அங்கே எரியாவிட்டால் ஸ்பேஸ்பாரைத் தட்டுங்கள். எஃப்5 அழுத்தி எல்லாவற்றையும் பார்த்தால் ‘ஆட்டோ கெயின் கன்ட்ரோல்’ (ஒலி அளவைத் தானாகவே ஏற்றி இறக்குவது) என்று ஒன்று இருக்கலாம். இருந்தால் ‘எம்’ விசையை அழுத்தி அதை அணைத்துவிட்டுத்தான் மறுவேலை. வீசுகோல் விழுந்து வில்லின் மணிகள் குலுங்கும்போதும், குடத்தில் அடி விழும்போதும் அது ஒலியை அமுக்கும். பாட்டுக்காரர் மூச்சு வாங்கும் இடைவெளியில் பந்தலுக்குப் பின்னால் ஓடும் ஜெனரேட்டரைத் தூக்கிக் காட்டும். கேட்கச் சகிக்காது.

அளவை வைக்கும்போது பேச்சை நம்பாதீர்கள், குடத்தை நம்புங்கள். "மக்களே, இந்தச் சின்னதுல குடம் விழுமா?" என்று குடக்காரர் சந்தேகமாகக் கேட்பார். "ஓங்கி ஒரு அடி அடிங்க அண்ணாச்சி, பாப்போம்" என்று சொல்லி, அந்த அடிக்கு அளவுக்கோடு முக்கால் பங்கைத் தாண்டாதபடி குறைத்துக்கொள்ளுங்கள். குரல் கொஞ்சம் தணிந்து பதிவானால் அப்புறம் ஒலியைத் திருத்தும் மென்பொருளான ஆடசிட்டியில் ஏற்றிக்கொள்ளலாம். அடியில் உடைந்து பதிவான ஒலியை எதைக் கொண்டும் ஒட்ட முடியாது.

கோப்பின் அளவும் கணக்கில் இருக்கட்டும். மேலே சொன்ன கணக்குப்படி ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட 345 எம்பி. ஆறு மணி நேரத்துக்கு 2 ஜிபி. பப்பி லினக்ஸ்காரர்கள் இதில் விழிப்பாக இருக்க வேண்டும். அது ரேமிலேயே ஓடும் ஓ.எஸ்., வீட்டுக் கோப்புறையில் பதிவு செய்தால் ரேமோ சேமிப்புக் கோப்போ நடுராத்திரியில் நிரம்பிவிடும். பென்டிரைவையோ ஹார்ட்டிஸ்க் பிரிவையோ மவுண்ட் செய்து (ஓ.எஸ்.ஸோடு இணைத்து) நேராக அதில் எழுதச் சொல்லுங்கள்.

ஆல்சா தோற்கும் இடம் பிரவுசர். 2017-ல் வந்த 52-ஆம் பதிப்போடு ஃபயர்ஃபாக்ஸ் ஆல்சாவைக் கைவிட்டது, அதற்குப் பல்ஸ் வேண்டும். குரோமியம் இன்னும் ஆல்சாவோடு பேசும். ஆனால் இரண்டு மென்பொருள்கள் ஒரே நேரத்தில் மைக்கைக் கேட்டால், முந்தியவனுக்குத்தான் மைக். மற்றவனுக்கு ‘கருவி பிசி’ என்று பதில். ‘டிஸ்னூப்’ (dsnoop) என்ற ஏற்பாட்டால் பகிர்ந்து கொடுக்க முடியும், அதையும் கையால்தான் எழுத வேண்டும். அவ்வளவு தூரம் போகிறவர் பேசாமல் பைப்வயருக்குப் போய்விடலாம்.

பல்ஸ்ஆடியோ

2004-ல் தொடங்கியது, ஃபெடோரா 8, உபுண்டு 8.04 என்ற லினக்ஸ் ஓ.எஸ்.களில் இயல்பாகவே சேர்ந்து வந்தது. அந்தக் காலத்தில் வாங்கிய வசவுக்கு அளவில்லை. இன்று அவ்வளவு மோசமில்லை. இதன் பெரிய கொடை ‘பாவுகன்ட்ரோல்’ (pavucontrol) என்ற ஜன்னல்தான். எந்த மென்பொருளுக்கு எந்த மைக் என்று மவுஸாலேயே மாற்றலாம், கட்டளை எதுவும் தெரிய வேண்டாம்.

யூ.எஸ்.பி மைக்கில் இது சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சில மைக்குகளை ‘டிஜிட்டல் ஸ்டீரியோ’ என்று தவறாக எடுத்துக்கொள்ளும். பாவுகன்ட்ரோலின் கடைசித் தாவலுக்குப் போய் ‘அனலாக் மோனோ இன்புட்’ என்று மாற்றுங்கள், பெரும்பாலும் அதோடு சரியாகும். ஏற்கெனவே ஓடுகிறது, வேலையும் நடக்கிறது என்றால் கையை வைக்காதீர்கள். புதிதாக இதை நிறுவ மட்டும் இன்றைக்குக் காரணம் இல்லை.

பைப்வயர்

ஃபெடோரா 34 இதை 2021-ல் எடுத்துக்கொண்டது, 1.0 பதிப்பு 2023 நவம்பரில் வந்தது. பல்ஸுக்காக எழுதிய மென்பொருள்களுக்கு இது பல்ஸ் மாதிரியே நடித்துக் காட்டும். பாவுகன்ட்ரோலும் அப்படியே வேலை செய்யும். உங்கள் மிஷினில் ஓடுவது எது என்ற சந்தேகம் இருந்தால் ‘பேக்டிஎல்’ கட்டளையோடு ‘இன்ஃபோ’ சேர்த்து (pactl info) அடியுங்கள். சர்வர் பெயர் வரியில் பல்ஸ் என்று போட்டு, பக்கத்தில் பைப்வயர் என்றும் இருந்தால் அசல் ஆள் இதுதான்.

வளைகுடாவில் இருக்கும் மகனோடு வீடியோ காலில் பேச வேண்டும், சாயங்காலம் ஆன்லைன் டியூஷன் எடுக்க வேண்டும், அதையே பதிவும் செய்துகொள்ள வேண்டும் என்றால் என் ஓட்டு கண்ணை மூடிக்கொண்டு இதற்குத்தான். பிரவுசரும் ஆடசிட்டியும் ஒரே மைக்கை ஒரே நேரத்தில் கேட்டாலும் சண்டை வராது. மைக்கைக் கழற்றி மறுபடி செருகினால் பழைய அமைப்பை நினைவில் வைத்திருக்கும். பைப்வயர் ஒரு தடவைக்குக் கையாளும் ஒலித் துண்டின் வழக்கமான அளவு 1024 மாதிரிகள். 48,000 ஹெர்ட்ஸில் அது 21 மில்லி விநாடி, பேச்சில் யாருக்கும் தெரியாது. ரொம்பப் பழைய பிராசசரில் ஒலி வெட்டி வெட்டி வந்தால் இந்த அளவைக் கூட்டினால் நிற்கும்.

குறை என்று சொன்னால், இதைப் பயனர் உள்ளே நுழைந்ததும் யாராவது எழுப்பிவிட வேண்டும். பின்னணி வேலைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி உள்ள ஓ.எஸ்.களில் அது தானாக நடக்கும். ஆன்டிஎக்ஸில் சிஸ்டம்டி கிடையாது. பைப்வயரைக் கையால் நிறுவுகிறவர்கள் அதையும், அதன் கூட்டாளி வயர்பிளம்பரையும் தொடக்கப் பட்டியலில் தாங்களே சேர்க்க வேண்டும். நிறுவிவிட்டு ‘சத்தமே இல்லை’ என்று புலம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எந்த மிஷினுக்கு எது

1 ஜிபி ரேம், 32 பிட் பிராசசர் என்றால் பப்பி அல்லது ஆன்டிஎக்ஸ். லுபுண்டு 18.10-க்குப் பிறகு 32 பிட்டுக்கு வரவில்லை. பதிவு மட்டும் என்றால் இரண்டிலும் ஆல்சாவே போதும். பப்பியில் பல சவுண்ட் கார்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தனி விசார்டே உண்டு. ஆனால் அமைப்பை மாற்றிய பிறகு சேமிக்காமல் அணைத்தால் மறுநாள் முதலில் இருந்து தொடங்க வேண்டும். 64 பிட்டும் 2 ஜிபிக்கு மேலும் இருந்தால் லுபுண்டுவில் பைப்வயர். ராஸ்பெரி பை என்ற சின்னப் பலகைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு அதிகத் தேர்வு இல்லை, அந்தப் பலகையில் மைக் துளையே கிடையாது, யூ.எஸ்.பிதான் எளிய வழி. 2023-ல் வந்த புக்வார்ம் பதிப்பில் இருந்து அதன் சொந்த ஓ.எஸ்.ஸும் பைப்வயருக்கு மாறிவிட்டது.

இந்த மூன்றாலும் தீராத தொல்லைகளும் உண்டு. ‘ம்ம்’ என்று ஓர் இரைச்சல் பின்னணியில் ஓடினால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். எர்த் சரியில்லாத பிளக்கில் அடிக்கடி வரும் நோய் அது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் இருப்பவர்களுக்குக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, காற்றாடிகளே சொல்லும். தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே அடிக்கும் மாதங்களில் திறந்தவெளியில் பதிவு செய்தால், மைக் தலைக்கு ஸ்பாஞ்ச் உறை போடாமல் எந்த ஒலி அமைப்பும் காப்பாற்றாது.

ஒரே லேப்டாப்பில் வீடியோ காலும் வேண்டும், கொடைப் பதிவும் வேண்டும் என்றால் எதையும் கழற்றி மாட்ட வேண்டாம். பைப்வயரை நிறுவி வைத்துக்கொண்டு, பதிவு நேரத்தில் மட்டும் ஏரெக்கார்டில் ‘பிளக்எச்டபிள்யூ’ முகவரியை நேராகக் கொடுங்கள். யாரும் பயன்படுத்தாத மைக்கைப் பைப்வயர் சில விநாடிகளில் விட்டுவிடும், ஆல்சா எடுத்துக்கொள்ளும். ‘கருவி பிசி’ என்று வந்தால் பின்னால் எங்கேயாவது பாவுகன்ட்ரோல் ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அளவுக்கோடு காட்டுவதற்காகவே அது மைக்கைப் பிடித்து வைத்திருக்கும். அதை மூடிவிட்டு மறுபடி அடியுங்கள்.