வலை மிஷினுக்கு ஹாரிஸ் சூத்திரமா, சால்வரா?

நாகர்கோவில் பக்கம் மீன்வலை கம்பெனி நடத்துபவர்களின் குழப்பம் இது: ஒரு கண்ணி அளவில் எத்தனை கிலோ ஓட்டிவிட்டு அடுத்ததற்கு மிஷினை மாற்றுவது? வழி இரண்டு: மாற்றும் செலவையும் இருப்புச் செலவையும் வைத்து ஓர் ஓட்டத்தின் அளவைச் சொல்லும் ஹாரிஸ் சூத்திரம்; நிபந்தனைகளை எழுதிக் கொடுத்தால் செலவு குறைந்த திட்டத்தைத் தேடித் தரும் கணினி நிரலான சால்வர்.

செலவு
சூத்திரம் (1913): கால்குலேட்டர் போதும். ஆண்டுக்கு 2400 கிலோ, ஒரு மாற்றத்துக்கு 600 ரூபாய், ஒரு கிலோவை ஓராண்டு இருப்பு வைக்க 8 ரூபாய் என்றால் விடை 600 கிலோ, வருடத்துக்கு நாலு ஓட்டம்.
சால்வர்: ஹைஸ் (HiGHS), சிபிசி (CBC) என்ற சால்வர்கள் இரண்டும் இலவசம். கணக்கை எழுதத் தெரிந்த ஆள்தான் கிடைக்க வேண்டும்.

மாற்றும் நேரம்
சூத்திரம்: இங்கேதான் கவிழ்கிறது. மாற்றத்தைப் பணமாக மட்டுமே பார்க்கும். அது விழுங்கும் மிஷின் நேரம் அதற்குத் தெரியாது. விற்பனையும் சீராக இருக்க வேண்டும். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரை விசைப்படகுகள் கரையில் கிடக்கும் ஊரில் அது நடக்குமா?
சால்வர்: வாரத்துக்கு, கண்ணிக்கு ஒரு 0-1 மாறி: அந்த வாரம் அந்தக் கண்ணிக்கு மிஷினை மாற்றினால் 1, இல்லையென்றால் 0. 1 என்றால் அந்த வார மிஷின் நேரத்தில் மாற்றும் நேரம் கழியும். 12 கண்ணி, 12 வாரம் என்றால் 144. உற்பத்தி, இருப்பு மாறிகளையும் சேர்த்தால் 432. எக்செல்லோடு வரும் சால்வர் 200 மாறிகளைத் தாண்டாது.

மிஷின் பாதி நேரம் சும்மா நின்றால் சூத்திரமே போதும். மூச்சுவிடாமல் ஓடுகிறதென்றால் சால்வர்தான். உச்ச விடைக்காக ராத்திரி முழுக்க ஓடவிடாமல், கையிலுள்ள விடைக்கும் உச்ச விடைக்கும் இடைவெளி அதிகபட்சம் 2 சதவீதம்தான் என்று சால்வர் காட்டியதும் நிறுத்திவிடுங்கள்.